மந்திரப் பிழை களைந்த புஷ்பதந்த ஆசாரியர்

நாள்தோறும் நம் இல்லங்களிலும் ஜினாலயங்களிலும் ஓதப்பெறும் பஞ்ச நமஸ்கார மந்திரம் 35 எழுத்துக்களால் ஆனது. அது அனாதியானது என்பது நம் மரபு. கலிங்க மன்னன் காரவேலனின் பழமையான அத்திகும்பாக் கல்வெட்டு, அருகரையும் சித்தரையும் மட்டும் வணங்கித் தொடங்குகிறது. ஐவர்க்கும் உரிய வணக்கம் முழுமையாக ஷட்கண்டாகமத்தின் முகப்பில் திகழ்கிறது. அதனை அங்கு மங்கலமாக வைத்தருளியவர் புஷ்பதந்த ஆசாரியர். 9ஆம் நூற்றாண்டில் வீரசேனர் இயற்றிய தவளா உரை இப்பெரியாரின் வரலாற்றை எடுத்துரைக்கிறது.

சௌராட்டிர நாட்டுக் கிரிநகரின் சந்திர குகையில் தரசேன ஆசாரியர் தவம் இயற்றி வந்தார். ஆகம ஞானம் தம்மோடு மறைந்துவிடுமோ என்று அஞ்சிய அவர், தென்னாட்டு முனிவர் சங்கத்திற்கு ஓலை விடுத்தார். சங்கத்தார் இரு முனிவர்களை அனுப்பினர். அவர்களே பின்னர்ப் புஷ்பதந்தர், பூதபலி எனப் பெயர் பெற்றோர்.

தரசேனர் உடனே பாடம் தொடங்கவில்லை. இருவருக்கும் தனித்தனியே ஒரு மந்திரம் தந்து, இரண்டு நாள் உபவாசத்துடன் தியானிக்கப் பணித்தார். ஒரு மந்திரத்தில் ஓர் எழுத்து மிகுந்திருந்தது. மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறைந்திருந்தது. தியானம் முற்றியபோது ஒரு தேவி துருத்திய பற்களோடும், மற்றொரு தேவி ஒற்றைக் கண்ணோடும் தோன்றினர். தேவர்க்கு உருவக் குறை இயல்பன்று எனத் தெளிந்த முனிவர்கள், மந்திர இலக்கணத்தால் ஆராய்ந்து எழுத்தைத் திருத்தி மீண்டும் தியானித்தனர். தேவியர் தம் இயல்பான வடிவில் காட்சி தந்தனர். முனிவர்கள் நடந்ததைக் குருவிடம் விண்ணப்பித்தனர். அவரும் மகிழ்ந்து நன்னாளில் ஆகமம் கற்பித்தார். பிழையைச் சுட்டாமல் மாணாக்கரே காணுமாறு விட்ட இத்தேர்வு, ஆசிரியப் பணியில் பல்லாண்டு கழித்த நம்மை வியக்க வைக்கிறது.

கல்வி முடிந்து அங்குலேசுவரத்தில் மழைக்காலம் கழித்தபின், புஷ்பதந்தர் வனவாச நாட்டிற்கும் பூதபலி தமிழ்நாட்டிற்கும் சென்றனர். புஷ்பதந்தர் ஜினபாலிதருக்குத் தீட்சை அளித்து, 177 சூத்திரங்கள் இயற்றிக் கற்பித்து, அவரைப் பூதபலியிடம் அனுப்பினார். தோழரின் ஆயுள் குறுகியது என்று உணர்ந்த பூதபலி எஞ்சிய பகுதியை இயற்றி முடித்தார். நூல் நிறைவுற்ற ஜேஷ்ட மாத வளர்பிறைப் பஞ்சமியையே நாம் சுருத பஞ்சமியாகப் போற்றுகிறோம். ஆகமத்தை முடிக்கும் பேறு நம் தமிழகத்திலிருந்த முனிவர்க்கு வாய்த்தமை நமக்குப் பெருமையன்றோ!

அம்மங்கலத்தில் எவர் பெயரும் இல்லை, எவ்வரமும் வேண்டப்படவில்லை. குணங்களே வணங்கப்படுகின்றன. நேமிசந்திரரின் திரவிய சங்கிரகம், தியானத்திற்கு 35, 16, 6, 5, 4, 2, 1 என எழுத்துக்களை வகுத்துள்ளது. இறுதியான ஓரெழுத்தாகிய ஓங்காரத்திலும் ஐவரின் முதலெழுத்துக்களே அடங்கியுள்ளன.

ஓரெழுத்து மிகுவதும் குறைவதும் இவ்வளவு வேறுபாடு விளைக்குமெனில், நம் சிறார் விரைந்து விழுங்கி ஓதுவதை நாம் வாளா கேட்டிருத்தல் தகுமோ? எழுத்தைத் திருத்தமாகவும் பொருளைத் தெளிவாகவும் அவர்க்குக் கற்பிப்பதே புஷ்பதந்த ஆசாரியர்க்கு நாம் செய்யும் உண்மை வழிபாடாகும்.