குப்பைத் தொட்டியில் கிடைத்த ஆய்வறிக்கை... விமானப் பயணத்தையே மாற்றிய ஃபுஜிட்டா யார்?

1945 ஆகஸ்ட் 9. அமெரிக்காவின் இரண்டாவது அணுகுண்டுக்கு முதலில் குறிக்கப்பட்ட ஊர் நாகசாகி இல்லை, கோகுரா. மேகமும் புகையும் ஊரை மறைத்ததால் விமானம் நாகசாகி பக்கம் போய்விட்டது. கோகுராவுக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் அப்போது பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் டெட்சுயா ஃபுஜிட்டா. வயது 24.

சில வாரங்கள் கழித்து, குண்டு விழுந்த இரண்டு நகரங்களின் சேதத்தையும் ஆராயப் போனார். மேலிருந்து இறங்கிய அதிர்வில் மரங்கள் நட்சத்திரம் போல நாலாபுறமும் சாய்ந்து கிடந்தன. அந்தக் காட்சி அவர் மனசில் அப்படியே தங்கிவிட்டது.

1947-ல் செஃபுரி மலையில் ஓர் இடிமழையை அளந்தபோது, புயல் மேகத்திலிருந்து காற்று கீழ்நோக்கியும் பாய்கிறது என்று கண்டுபிடித்தார். அதே விஷயத்தைப் பற்றி சிகாகோ பேராசிரியர் ஹொரேஸ் பயர்ஸ் எழுதிய அறிக்கை, ஒரு அமெரிக்க ராடார் நிலையத்தின் குப்பைத் தொட்டியிலிருந்து அவர் கைக்கு வந்தது. ஃபுஜிட்டா ஒரு டைப்ரைட்டர் வாங்கி, தன் ஆய்வை ஆங்கிலத்தில் அடித்து பயர்ஸுக்கே அனுப்பினார். விமானங்கள், ராடார்கள் எல்லாம் வைத்து பயர்ஸ் குழு கண்டதை இவர் தனியாளாக நெருங்கியிருந்தார். 1953-ல் சிகாகோவுக்கு அழைப்பு வந்தது.

சூறாவளிச் சுழல்களை சேதத்தை வைத்து எஃப்0 முதல் எஃப்5 வரை தரம் பிரிக்கும் அளவுகோலை 1971-ல் கொடுத்தார். அவர் பெயர் பிரபலமானது அதனால்தான். ஆனா உயிர்களைக் காப்பாற்றிய வேலை வேறு.

1975 ஜூன் 24. நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த ஈஸ்டர்ன் 66 விமானம் ஓடுபாதைக்கு முன்பே விழுந்து 113 பேர் இறந்தார்கள். அதே ஓடுபாதையில் சற்று முன்புதான் வேறு விமானங்கள் இறங்கியிருந்தன. எப்படி?

ஃபுஜிட்டாவுக்கு நட்சத்திர வடிவம் ஞாபகம் வந்தது. 1974 சூறாவளிகளுக்குப் பிறகு காட்டின் மேல் பறந்தபோதும் மரங்கள் அதே மாதிரி சாய்ந்திருப்பதைப் பார்த்திருந்தார். இடிமேகத்திலிருந்து காற்று ஒரு சின்ன இடத்தில் 'தொப்'பென்று விழுந்து சுற்றிலும் சிதறுகிறது என்றார். 4 கிலோமீட்டருக்கும் குறைவான அகலம், சில நிமிட ஆயுள். இதுதான் மைக்ரோபர்ஸ்ட். உள்ளே நுழையும் விமானத்துக்கு முதலில் எதிர்காற்று, அதனால் தூக்கு விசை கூடும். விமானி வேகத்தைக் குறைத்தால் போச்சு. அடுத்த நொடி கீழ்நோக்கித் தள்ளும் காற்று, பிறகு பின்காற்று. தரை பக்கத்தில் இருக்கும்போது மீள நேரம் இல்லை.

சக விஞ்ஞானிகள் பலர் நம்பவில்லை. ஏற்கெனவே தெரிந்த புயல்முனைக் காற்றுக்குப் புதுப் பெயர் வைக்கிறார் என்றார்கள். 1978-ல் சிகாகோ அருகே டாப்ளர் ராடார்களை நிறுத்திப் பார்த்தார். ஒரே கோடையில் சுமார் 50 மைக்ரோபர்ஸ்ட்கள் சிக்கின. வாதம் முடிந்தது, ஆனா விமான நிலையங்கள் மாற இன்னும் காலம் எடுத்தது. 1985-ல் டல்லாஸில் டெல்டா 191 அதே காரணத்தால் விழுந்து 137 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் விமானி பயிற்சியும் விமான நிலைய டாப்ளர் ராடார்களும் வேகம் பிடித்தன.

1998 நவம்பர் 19-ல் சிகாகோவில் இறந்தார். 'மிஸ்டர் டொர்னாடோ' என்று அழைக்கப்பட்டவர், ஒரு டொர்னாடோவை முதன்முதலில் நேரில் பார்த்தது 1982-ல்தான். அப்போது அவருக்கு வயது 61.