தனிநாயகம் அடிகளார்



தமிழாராய்ச்சியை உலகறியச் செய்த பெரியார் தனிநாயகம் அடிகளார் ஆவார். அவர் 1913ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கரம்பனில் பிறந்தார். உரோமாபுரியில் பயின்று கத்தோலிக்கக் குருவானார். இலத்தீன், இத்தாலியம் முதலிய மொழிகளைக் கற்றிருந்தும் தாய்மொழியை அவர் ஆழ்ந்து கற்றிருக்கவில்லை.

தமிழகத்தின் வடக்கன்குளத்தில் ஆசிரியப்பணி ஆற்றியபொழுது அக்குறையை உணர்ந்து, தமிழை முறையாகக் கற்கலானார். 1945ஆம் ஆண்டில், முப்பது வயதைக் கடந்த பின்னர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். சங்கப் பாடல்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்தார். பின்பு இலண்டன் பல்கலைக்கழகத்தில், பண்டைத் தமிழ் இலக்கியம் கூறும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

1961ஆம் ஆண்டில் நம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமையேற்றார். 1964ஆம் ஆண்டில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்று உழைத்தார். அதன் பயனாக, 1966ஆம் ஆண்டில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடந்தேறியது. 1679ஆம் ஆண்டில் அச்சான தமிழ்-போர்த்துகீசிய அகராதியையும் அவ்வாண்டிலேயே மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார்.

அடிகளார் 1980ஆம் ஆண்டில் மறைந்தார். தம் குறையை மறைக்க நாணியிருந்தால் அவர் தமிழறிஞர் ஆகியிருக்க மாட்டார். அறியாததை அறியேன் என ஒப்புக்கொண்டு, அன்றே கற்கத் தொடங்குங்கள்.