கற்பித்தது வானமல்ல!

ஆண்டுதோறும் சனவரித் திங்கள் 25ஆம் நாள் மாலை, ஸ்காட்லாந்து நாடெங்கும் விருந்து நடக்கிறது. அந்நாட்டு மக்கள் பிழைக்கச் சென்று குடியேறிய கனடாவிலும், ஆஸ்திரேலியாவிலும், நியூசிலாந்திலும் நடக்கிறது. முடி தரித்த மன்னனுக்கு எடுக்கும் விழாவல்ல அது. படை நடத்திய தளபதிக்கு எடுக்கும் விழாவுமல்ல. களிமண் சுவரெழுப்பிக் கூரை வேய்ந்த குடிலிலே, 1759ஆம் ஆண்டு, அதே சனவரி 25ஆம் நாள் பிறந்த ஓர் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு எடுக்கும் விழா! இராபர்ட் பர்ன்ஸ் என்பது அவன் பெயர். ஸ்காட்லாந்து மக்கள் தங்கள் தேசியக் கவியாகக் கொண்டாடும் பாவலன் அவன்.

அவனுடைய முதல் கவிதை நூல் 1786இல் வெளிவந்தது. எடின்பரோ நகரத்துச் சீமான்கள் படித்தனர், வியந்தனர், பிறகு குழம்பினர். ஏர் பிடித்த கையா இதை எழுதிற்று? சேற்றில் நடந்த காலா இந்தச் சிகரத்தில் ஏறிற்று? குழப்பம் தீர்க்க முன்வந்தார் ஹென்றி மெக்கன்சி என்ற எழுத்தாளர். அந்த ஆண்டு டிசம்பரில், தாம் நடத்திய ஏட்டிலே, இவன் வானமே பாடம் சொல்லிக் கொடுத்த உழவன் என்று தீர்ப்பளித்தார். சீமான்கள் தலையசைத்தனர். குழப்பம் தீர்ந்தது!

பாராட்டுத்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாராட்டுக்குள்ளே ஒரு பறிமுதல் ஒளிந்திருப்பதை நாம் காண்கிறோம். வானம் கற்பித்தது என்றால், மண்ணிலே நின்று கற்பித்தவனுக்கு நன்றி கூற வேண்டியதில்லை அல்லவா? வானம் வேண்டியவனுக்குக் கற்பிக்கும் என்றால், மற்ற உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எதற்கு, புத்தகம் எதற்கு என்று கேட்டுவிடலாம் அல்லவா? ஆகவேதான், வானத்தின் பெயரால் மறைக்கப்பட்ட மனிதரின் கதையை எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் பெயர் வில்லியம் பர்னஸ். குத்தகை உழவர். கவிஞனின் தந்தை.

வில்லியம் 1721இல் ஸ்காட்லாந்தின் வடகிழக்கே பிறந்தார். அவருடைய தந்தையும் குத்தகை உழவரே, நொடித்துப் போனவர். பிறந்த மண் சோறு போடாததால், ஏறத்தாழ 1748இல் வில்லியம் ஊரைவிட்டுப் புறப்பட்டார். எடின்பரோவில் தோட்டவேலை செய்தார். அரை வயிறு உண்டு, மிச்சம் பிடித்து, முதிய தந்தைக்குப் பணம் அனுப்பினார். பிறகு மேற்குக் கரையோரம் சென்றார். அங்கே ஒரு நகரம். அதன் பெயர் ஏர்! நம் மொழியின் ஏருக்கும் அந்தப் பெயருக்கும் உறவேதும் இல்லை. ஆயினும் என்ன பொருத்தம் பாருங்கள்! அந்த நகருக்கு அருகே அலோவே என்ற சிற்றூரில் ஏழரை ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்தார். 1757இல் தம் கையாலேயே மண் குழைத்து ஒரு குடில் கட்டினார். அந்த ஆண்டு டிசம்பரில் ஆக்னஸ் என்ற உழவர் குலப் பெண்ணை மணந்தார்.

இராபர்ட் பிறந்து பத்து நாள்கூட ஆகியிருக்காது. புயற்காற்று அடித்தது. குடிலின் ஒரு பக்கச் சுவர் சாய்ந்தது. பச்சைக் குழந்தையையும் தாயையும் இருட்டோடு இருட்டாக அண்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தனர். வில்லியம் மீண்டும் மண் குழைத்தார். மீண்டும் சுவர் எழுப்பினார்.

அவர் ஒரு சீமானின் தோட்டக்காரராக இருந்தார். அந்த வேலையிலேயே இருந்திருந்தால் கூலியாவது தவறாமல் வந்திருக்கும். ஏன் விட்டார்? பிள்ளைகளுக்காக! ஏழைத் தோட்டக்காரனின் பிள்ளைகள் வளர்ந்தால், அடுத்தவர் பண்ணையில் எடுபிடி ஆளாகப் போகவேண்டியதுதான் அந்நாளைய வழக்கம். தம் பிள்ளைகள் நல்லது கெட்டது அறியும் வயது வரும்வரை தம் கண்முன்னே வளரவேண்டும் என்று அவர் விரும்பினார். எசமானரிடமே நூறு பவுன் கடன் வாங்கி, 1766இல் மவுண்ட் ஆலிபண்ட் என்ற பண்ணையைக் குத்தகைக்கு எடுத்தார். எழுபது ஏக்கர், ஆண்டுக்கு நாற்பது பவுன் குத்தகை, ஆறாண்டு கழிந்தால் நாற்பத்தைந்து. நிலமோ, உழவுக்குட்பட்ட நிலங்களிலேயே மிக மட்டமானது என்று பின்னாளில் இளைய மகன் கில்பர்ட் எழுதிவைத்தார்.

இப்போது கேளுங்கள், வானம் கற்பித்த கதையை!

1765இல், பதினெட்டே வயதான ஜான் மர்டாக் என்ற ஆசிரியரை வில்லியமும் அண்டை வீட்டார் நால்வரும் கூடி அமர்த்தினர். ஐந்து வீட்டுக்காரரும் முறை வைத்து அவருக்குச் சோறு போட்டனர். கூட்டுறவு என்ற பெயர் வைக்காமலே, உழவர்கள் கூடி நடத்திய பள்ளிக்கூடம் அது! மூன்றாண்டுக்குப் பின் மர்டாக் வேறிடம் சென்றார். அதன்பின் யார் ஆசிரியர்? பகலெல்லாம் ஏரோட்டிய வில்லியமேதான்! இரவிலே மெழுகுவத்தி வெளிச்சத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். பூகோளம், உயிர்களின் இயல்பு, வரலாறு பற்றிய நூல்களை இரவல் வாங்கி வந்தார். வயலிலே வேலை செய்யும்போது, பிள்ளைகளிடம் வயது வந்த ஆடவரிடம் பேசுவதுபோலப் பேசினார். அவர் சமயப் பற்றுள்ளவர். ஆயினும் தேவாலயத்தார் காட்டிய நரகத்து மிரட்டலைப் பிள்ளைகளிடம் காட்டாமல், கேள்வியும் பதிலுமாக ஒரு சிறு கையேட்டைத் தாமே ஆக்கித் தந்தார்.

1772ஆம் ஆண்டுக் கோடையில், பிள்ளைகளின் கையெழுத்து திருந்தவேண்டும் என்று தால்ரிம்பிள் என்ற ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினார். இராபர்ட்டையும் கில்பர்ட்டையும் சேர்த்து அனுப்பினால் வயலில் கை குறையும். என்ன செய்தார்? ஒரு வாரம் மூத்தவன் பள்ளிக்கு, இளையவன் வயலுக்கு; மறுவாரம் இளையவன் பள்ளிக்கு, மூத்தவன் வயலுக்கு! மறு ஆண்டு, மர்டாக்கிடம் இலக்கணமும் பிரெஞ்சு மொழியும் கற்க, ஏர் நகருக்கு இராபர்ட்டை அனுப்பினார். மொத்தம் மூன்றே வாரம். அதிலும் அறுவடை குறுக்கிட்டது. ஒரு வாரம் படிப்பு, பிறகு அரிவாள், பிறகு இரண்டு வாரம் படிப்பு. வானம் பாடம் நடத்தியிருந்தால் அறுவடைக்காக வகுப்பை நிறுத்தியிருக்குமா, தோழர்களே?

தாய் ஆக்னஸுக்கு எழுதத் தெரியாது. ஆனால் அவர் நெஞ்சிலே நாட்டுப் பாடல்கள் நிறைந்திருந்தன. வேலை செய்துகொண்டே பாடுவார். பிள்ளை கேட்டுக்கொண்டே வளர்ந்தான். தந்தை ஏட்டறிவு தந்தார். தாய் இசையும் தாய்மொழியும் தந்தார்.

இவ்வளவுக்கும் அந்த வீட்டின் நிலை என்ன? பல ஆண்டுகள் அந்த அடுப்பில் இறைச்சி வேகவில்லை. கூலியாள் வைக்க வழியில்லை. பதின்மூன்று வயதில் இராபர்ட் கதிரடித்தான். பதினைந்து வயதில் பண்ணையின் முதல் உழைப்பாளி அவன்தான். வளரும் எலும்பின்மேல் வளர்ந்த ஆளின் சுமை! மாலை வந்தால் தலைவலி. பின்னாளில் இரவிலே நெஞ்சுப் படபடப்பு. பழைய நிலக்காரர் இறந்தார். நிர்வாகம் ஒரு காரியஸ்தரிடம் சென்றது. குத்தகை பாக்கிக்காக அவர் எழுதிய மிரட்டல் கடிதங்கள் வரும்போதெல்லாம் குடும்பமே கண்ணீர் விட்டது. அந்தக் கண்ணீரைச் சிறுவன் மறக்கவில்லை. தன் முதல் நூலின் முதல் கவிதையிலே, இரண்டு நாய்கள் பேசிக்கொள்வதாக அமைத்து, குத்தகைக்காரன் காரியஸ்தர் முன்னே நடுங்கி நிற்கும் காட்சியை உலகறிய வைத்தான்.

1777இல் குடும்பம் லாக்லி என்ற பண்ணைக்கு மாறியது. நூற்று முப்பது ஏக்கர். ஏக்கருக்கு இருபது ஷில்லிங் குத்தகை. சதுப்பு நிலம். எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லை, எல்லாம் வாய்ச்சொல். உழைப்பவனுக்கு அந்த வாய்ச்சொல்லே வலையாகியது. ஏர் நகரில் தொடங்கிய பெரிய வங்கி ஒன்று 1772இல் கதவடைத்தது. அதனால் கடனில் சிக்கிய நிலக்காரர் பலர். லாக்லியின் உரிமையாளர் டேவிட் மக்லூரும் அவர்களில் ஒருவர். மேலே விழுந்த அடி கீழே இறங்கிற்று. வங்கியில் ஒரு காசும் போடாத உழவன் தலையிலே வந்து விழுந்தது! குத்தகை பாக்கி எவ்வளவு, நிலத்தைச் சீர்திருத்த உழவர் செய்த செலவில் கழிவு எவ்வளவு என்று 1781இல் தகராறு மூண்டது. மத்தியஸ்தர் வந்தனர். 1783இல் ஜப்தி உத்தரவும் வந்தது. தானியமும் கால்நடையும் கணக்கெடுக்கப்பட்டன. வில்லியம் அஞ்சவில்லை, எடின்பரோவிலுள்ள தலைமை வழக்குமன்றம் வரை சென்றார். 1784 சனவரியில் தீர்ப்பு அவருக்குச் சாதகமாக வந்தது. நேர்மை நிலைநாட்டப்பட்டது!

ஆனால் கையிருப்பெல்லாம் கரைந்துவிட்டது, உடலும் கரைந்துவிட்டது. தீர்ப்பு வந்த சில வாரங்களில், பிப்ரவரி 13ஆம் நாள், காசநோயும் கவலையும் அரித்த அந்த உழைப்பாளி கண் மூடினார். வயது அறுபத்திரண்டு. வழக்கு வென்றது, வழக்காடியவர் மாண்டார்.

குடும்பத்துக்கு என்ன மிஞ்சியது? ஒரு விந்தையைக் கேளுங்கள். தந்தையின் பண்ணையில் வேலை செய்ததற்குப் பிள்ளைகளுக்குக் கூலி கணக்கு வைக்கப்பட்டிருந்தது; இராபர்ட்டுக்கும் கில்பர்ட்டுக்கும் ஆண்டுக்கு ஏழு ஏழு பவுன். அந்தக் கூலி பாக்கிக்காகப் பிள்ளைகள், தந்தைக்குக் கடன் கொடுத்தவர்கள் என்று பதிவு செய்துகொண்டு, கொஞ்சம் மீட்டனர். அதை முதலாக வைத்து, மாஸ்கீல் என்ற பண்ணையை எடுத்தனர். நூற்றுப் பதினெட்டு ஏக்கர். குத்தகை தொண்ணூறு பவுன். முதலாண்டு விதை கெட்டது. இரண்டாமாண்டு அறுவடை பிந்தியது. இரண்டாண்டிலும் பாதி விளைச்சல் போயிற்று.

அந்தப் பாழ் ஆண்டுகளில்தான் பாட்டு விளைந்தது! 1785 நவம்பரில் உழும்போது, கொழு முனையில் சிக்கிச் சிதைந்தது ஒரு சுண்டெலியின் கூடு. குளிர்காலத்துக்கென்று சேர்த்து வைத்த வீடு ஒரு நொடியில் போன அந்தச் சிற்றுயிரிடம் கவிஞன் மன்னிப்புக் கேட்டுப் பாடினான். லாக்லியிலிருந்து வெளியேறிய குடும்பத்தின் மகனல்லவா அவன்! வீடிழப்பது என்னவென்று அவனுக்குத் தெரியாதா? பக்தி வேடமிட்டு ஊரை வேவு பார்த்த தேவாலய மூப்பர் ஒருவரை நையாண்டி செய்தும் பாடினான். அது அச்சேறாமலே கையெழுத்துப் படியாகக் கைமாறி ஊரைச் சிரிக்க வைத்தது. இவற்றில் பெரும்பாலானவற்றை, சீமான்கள் நாட்டுப்புறப் பேச்சு என்று தள்ளிவைத்த தன் தாய்மொழியிலேயே பாடினான். ஆங்கிலத்தில் எழுது என்று அறிந்தோர் அறிவுரை கூறிய பிறகும் அதைக் கைவிடவில்லை.

1786 சூலை 31இல், கில்மார்னக் என்ற ஊரிலே 612 படிகள் அச்சாயின. விலை மூன்று ஷில்லிங். ஒரு மாதத்துக்குள் ஏறத்தாழ அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. அவனிடம் குறையே இல்லை என்று நாம் கூறவில்லை. காதலில் நிலையற்றவன். அந்த ஆண்டு வறுமைக்கும் வழக்குக்கும் அஞ்சி, ஜமைக்காத் தீவிலே அடிமைகளை வைத்து நடத்தும் தோட்டத்திற்குக் கணக்கெழுதப் போகவும் துணிந்தவன். மனிதர் யாவரும் நிகர் என்று பின்னாளில் பாடியவனின் வாழ்விலே அது மறைக்க முடியாத கறை. நூல் பெற்ற வரவேற்புத்தான் அவனைக் கப்பலேறாமல் தடுத்தது.

எடின்பரோ சென்றான், 1787இல் இரண்டாம் பதிப்பு வந்தது, பணமும் வந்தது. அதில் ஏறக்குறைய 180 பவுனைத் தம்பி கில்பர்ட்டிடம் கொடுத்தான், மாஸ்கீலில் தாயும் தங்கைகளும் தெருவில் நிற்கக்கூடாது என்று. தனக்கு 1788இல் எல்லிஸ்லாண்டு என்ற பண்ணையை எடுத்தான். மீண்டும் கல்லும் களைத்துப்போன மண்ணும்! 1789இல் கலால் அலுவலராகச் சேர்ந்து, வாரத்துக்கு 200 மைல் குதிரையேறிச் சுற்றினான். 1791இல் ஏரை விட்டு, டம்பிரீஸ் நகரில் குடியேறினான். தன் நாட்டுப் பாடல்களைத் தேடித் தொகுத்தான், திருத்தினான், புதிதாய் எழுதினான். அந்தப் பணிக்குக் கூலி வாங்க மறுத்தான்.

1796 சூலையில் நோய்ப் படுக்கை. ஒரு துணிக்கடைக்காரரின் சில பவுன் பாக்கிக்காக வக்கீல் கடிதம் வந்தது. தந்தையை விரட்டிய சிறைப் பயம் மகனையும் விரட்டியது! ஐந்து பவுனுக்கும் பத்துப் பவுனுக்கும் நண்பருக்கும் உறவினருக்கும் கடிதம் எழுதினான். சூலை 21இல் மறைந்தான். வயது முப்பத்தேழு. 25ஆம் நாள் இறுதி ஊர்வலம் சென்றபோது, மனைவி ஜீன் இன்னொரு ஆண்மகவைப் பெற்றுக்கொண்டிருந்தார்.

மாண்ட பிறகும் விட்டார்களா? குடித்துக் கெட்டான் என்று வாழ்க்கை வரலாறு எழுதினர். பிற்கால மருத்துவர் பலர், வாத சுரத்தால் பழுதுபட்ட இதயமே அவனைக் கொன்றது என்று கருதுகின்றனர். மவுண்ட் ஆலிபண்டில் பதினைந்து வயதுப் பையன் தூக்கிய சுமையை நினைத்துப் பாருங்கள். நெஞ்சுப் படபடப்போடு அவன் விழித்துக் கிடந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். பெருமையை வானத்துக்குக் கொடுத்தனர். இறப்பின் பழியை மதுக் கோப்பைக்குக் கொடுத்தனர். குத்தகைக் கணக்கை மட்டும் யாரும் புரட்டிப் பார்க்கவில்லை!

கில்பர்ட் கவி பாடவில்லை. ஆனால் 1820இல் தாய் மறையும்வரை அவரைத் தம் வீட்டில் வைத்துக் காத்தார். வில்லியம் வளர்த்த பிள்ளை அவரும்தான்.

1999 சூலை முதல் நாள், ஏறத்தாழ முந்நூறு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு ஸ்காட்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் திறக்கப்பட்டது. அரசியார் வீற்றிருந்தார். அங்கே பாடப்பட்டது எது? பட்டமும் பதவியும் மனிதனுக்கு மதிப்பாகா, உழைக்கும் ஏழையும் மனிதனே என்று 1795இல் பர்ன்ஸ் எழுதிய பாட்டு! அவையோர் சேர்ந்து பாடினர்.

அந்தப் பாட்டின் வேர் அலோவே தேவாலயத் தோட்டத்திலே புதைந்திருக்கிறது. மகன் எழுதிய வரிகள் தாங்கிய கல்லின் கீழே வில்லியம் உறங்குகிறார். குத்தகை கட்டியும் மிச்சம் காணாதவர். வழக்கில் வென்றும் வாழாதவர். ஆனால் ஒரு வாரம் வயல், ஒரு வாரம் பள்ளி என்று பிள்ளைகளுக்கு அறிவைப் பங்கிட்டுத் தந்தவர்.

இனி எவரேனும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளையைக் காட்டி, இது தெய்வ அருள், பிறவிப் பயன் என்று பேசுவாரானால், அந்தப் பிள்ளையின் தந்தை எங்கே, தாய் எங்கே, அவர்கள் எத்தனை இரவு பட்டினி கிடந்தனர் என்று கேளுங்கள். அத்துடன் நிறுத்தாமல், கற்பிக்க இப்படியொரு தந்தை வாய்க்காத பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் கேளுங்கள். அவர்களுக்குப் பள்ளியின் கதவைத் திறந்து வைக்க வேண்டியது வானமல்ல, நாம்!