கடல் கடந்து கற்ற டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

முன்னுரை

பொருள் தேடிக் கடல் கடந்தவர்களைப் பற்றிக் கதைகளில் கேட்டிருக்கிறோம். நாடு பிடிக்கக் கடல் கடந்தவர்களைப் பற்றி வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். கல்விக்காகக் கடல் கடப்பது இன்று புதுமையன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டால் வீட்டில் இனிப்பு வழங்குகிறார்கள். உற்றாரும் உறவினரும் விமான நிலையம் வரை வந்து வழியனுப்புகிறார்கள். ஆனால் 1883-ஆம் ஆண்டில், பதினெட்டு வயது நிரம்பி ஒரு வாரமே ஆன ஒரு பெண் மருத்துவம் படிக்க அமெரிக்காவுக்குக் கப்பலேறியபோது அவருக்குக் கிடைத்தவை ஏளனமும் எதிர்ப்புமே. அவர்தாம் டாக்டர் ஆனந்திபாய் ஜோஷி அம்மையார். அவர் ஏன் சென்றார், எப்படிச் சென்றார், சென்றதனால் விளைந்தது என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இளமையும் திருமணமும்

ஆனந்திபாய் 1865-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 31-ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் யமுனா. அக்காலத்தில் பம்பாய் எனப்பட்ட மும்பைக்கு அருகிலுள்ள கல்யாண் என்னும் ஊரில் வளர்ந்தார். ஒரு காலத்தில் செல்வாக்குடன் வாழ்ந்து பின்னர் நொடித்துப்போன பிராமணக் குடும்பம் அது. அன்றைய வழக்கப்படி ஒன்பதாவது வயதிலேயே அவருக்குத் திருமணம் நடந்தது. கணவர் கோபால்ராவ் ஜோஷி அஞ்சல் அலுவலகத்தில் பணியாற்றியவர்; மனைவியை இழந்தவர்; யமுனாவைவிட ஏறத்தாழ இருபது வயது மூத்தவர். அவரே தம் இளம் மனைவிக்கு ஆனந்தி என்று பெயர் மாற்றினார்.

கோபால்ராவ் விசித்திரமான மனிதர். பெண் படித்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஊரே நம்பிய காலத்தில், மனைவி படித்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். அடுப்பங்கரையில் நேரம் போக்கினால் கோபித்துக்கொள்வார். பாடத்தைக் கவனிக்காவிட்டால் அடித்ததும் உண்டு. சமைக்கவில்லை என்று மனைவியை அடித்தவர்கள் பலர். படிக்கவில்லை என்று அடித்தவர் இவர். இரண்டும் தவறுதான். அடிக்குப் பயந்து தொடங்கிய படிப்பு, பின்னர் ஆனந்தியின் சொந்த ஆசையாகவே மாறியது. அந்த மாற்றத்துக்குக் காரணம் கணவரல்லர். ஒரு சிறு குழந்தை.

பத்து நாள் வாழ்ந்த குழந்தை

பதினான்காம் வயதில் ஆனந்திபாய் ஓர் ஆண் குழந்தையைப் பெற்றெடுத்தார். தகுந்த மருத்துவ உதவி கிடைக்காமையால் அக்குழந்தை பத்தே நாளில் இறந்துபோயிற்று. நம்மைவிட இளைய பெண் ஒருத்தி தாயாகி, பத்து நாளில் அந்தப் பிள்ளையையும் இழந்து நின்ற நிலையை எண்ணிப் பாருங்கள், தோழியரே!

அக்காலப் பெண்கள் ஆண் மருத்துவர் முன் வர நாணினர். வீட்டாரும் அனுமதிக்கவில்லை. பெண் மருத்துவர்களோ மிக அரியர். நோய் முற்றி உயிர் போனாலும் போகட்டும், ஆண் மருத்துவரிடம் காட்டமாட்டோம் என்றிருந்த குடும்பங்கள் பல. இதற்கு ஒரே வழி பெண்களே மருத்துவராவதுதான் என்று ஆனந்திபாய் உணர்ந்தார். தாமே அப்படி ஒருவராவது என்று முடிவு செய்தார்.

கடிதம் தேடித்தந்த உறவு

1878-இல் கோபால்ராவ் கோலாப்பூரில் பணியாற்றிக்கொண்டிருந்தார். மனைவியை அமெரிக்காவில் படிக்க வைக்க உதவி வேண்டி, அங்கு வாழ்ந்த ராயல் வைல்டர் என்ற கிறிஸ்தவ மறைப்பணியாளருக்குக் கடிதம் எழுதினார். கிறிஸ்தவ சமயத்தைத் தழுவினால் உதவலாம் என்ற கருத்தில் பதில் வந்தது. கணவனும் மனைவியும் அதற்கு இணங்கவில்லை. எனினும் வைல்டர் அக்கடிதத்தைத் தம் இதழில் வெளியிட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நியூ ஜெர்சி மாநிலத்து ரோசல் என்னும் ஊரைச் சேர்ந்த தியோடிசியா கார்ப்பென்டர் என்ற பெண்மணி, 1880-இல் பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தபோது அந்தப் பழைய இதழைப் புரட்டினார். கடிதம் அவர் கண்ணில் பட்டது. முன்பின் அறியாத ஓர் இந்தியப் பெண்ணின் கல்வி ஆர்வம் அவர் உள்ளத்தைத் தொட்டது. உடனே எழுதினார். அன்று தொடங்கிய கடிதப் போக்குவரத்து பிறகு நிற்கவேயில்லை. பண்டிகைகள், உணவு, உடை, குழந்தை மணம், பெண்கள் நிலை என்று இருவரும் பலவற்றை எழுதிக்கொண்டனர். ஆனந்திபாய் உடல் நலம் குன்றியிருந்தபோது தியோடிசியா அம்மையார் அமெரிக்காவிலிருந்து மருந்துகளை அனுப்பி வைத்தார். ஆனந்திபாய் அவரைத் தம் தாயின் உடன்பிறந்தாளாகவே கருதிச் சித்தி முறை வைத்து அழைக்கலானார். சமயம் மாறச் சொல்லி இந்த அம்மையார் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை. தம் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தார்; அவ்வளவே.

எதிர்ப்புகளுக்கு நடுவே

கோபால்ராவுக்கு வங்காளத்துக்கு மாற்றலாயிற்று. தம்மால் உடன் செல்ல இயலாத நிலையில் மனைவியைத் தனியே அனுப்ப அவர் துணிந்தார். செய்தி பரவியதும் எதிர்ப்பு எழுந்தது. கடல் தாண்டினால் சாதியிலிருந்து விலக்கிவிடும் காலம் அது. அதுவும் ஒரு பெண், கணவன் துணையின்றிச் செல்வதா என்று பலரும் சீறினர்.

ஆனந்திபாய் ஒளிந்துகொள்ளவில்லை. 1883 பிப்ரவரியில் செராம்பூர் கல்லூரி மண்டபத்தில் பொதுமக்கள் முன் ஆங்கிலத்தில் உரையாற்றினார். மக்கள் தம்மிடம் கேட்கும் ஆறு கேள்விகளைத் தாமே எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விடையளித்தார். அமெரிக்காவுக்கு ஏன் போகவேண்டும், இந்தியாவில் படிக்க வழியில்லையா, தனியாகப் போகலாமா, திரும்பினால் சாதி விலக்கு வராதா, போன இடத்தில் துன்பம் நேர்ந்தால் என்ன செய்வது, எந்தப் பெண்ணும் செய்யாததை நீ ஏன் செய்கிறாய் என்பனவே அவை. சென்னையில் ஒரு கல்லூரி இருப்பதை அவர் அறிந்திருந்தார். சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இலேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் இந்நாட்டில் பெண்களுக்குக் கிடைக்கும் மருத்துவப் பயிற்சி போதிய அளவில் இல்லை என்பது அவர் கருத்து. தாம் ஓர் இந்துப் பெண்ணாகவே சென்று இந்துப் பெண்ணாகவே திரும்புவதாகவும் அவர் அச்சபையில் உறுதி கூறினார்.

தம் தங்க வளையல்களை விற்று வழிச்செலவுக்குப் பணம் சேர்த்தார். 1883 ஏப்ரல் 7-ஆம் நாள் கல்கத்தாவில் கப்பலேறினார். ஏறத்தாழ இரண்டு மாதப் பயணத்துக்குப் பின் ஜூன் 4-ஆம் நாள் நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். கடிதங்களிலேயே கண்டிருந்த தியோடிசியா அம்மையார் அங்கே அவருக்காகக் காத்திருந்தார்.

கல்லூரி வாழ்க்கை

பிலடெல்பியா நகரிலிருந்த பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரி 1850-இல் தொடங்கப்பட்டது. பெண்களை மருத்துவராக்க உலகில் ஏற்பட்ட முதற் கல்லூரிகளுள் அதுவும் ஒன்று. அதன் தலைவி ரேச்சல் பாட்லி வேதியியல் பேராசிரியை. ஆனந்திபாய் அவருக்கு எழுதிய விண்ணப்பத்தில் தம் பெருமைகளை அடுக்கவில்லை. தம் படிப்பில் குறை இருக்கலாம் என்பதை ஒப்புக்கொண்டு, ஆண் மருத்துவரிடம் செல்வதைவிடச் சாவதே மேல் என்றிருக்கும் தம் நாட்டுப் பெண்களுக்கு உதவவே வந்திருப்பதாக விளக்கினார். கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது, உதவித்தொகையும் அளித்தது.

பிலடெல்பியாவின் பனிக்காலம் அவருக்குக் கொடுமையாக இருந்தது. இந்திய உடையையும் சைவ உணவையும் அவர் விடவில்லை. அடிக்கடி நோயுற்றார். ஆனாலும் வகுப்பைக் கைவிடவில்லை. அதே கல்லூரியில் ஜப்பான் நாட்டுக் கேய் ஒகாமியும் சிரியா நாட்டுச் சபாத் இஸ்லாம்பூலியும் பயின்றார்கள். 1885 அக்டோபரில் இம்மூவரும் தத்தம் நாட்டு உடையில் அமர்ந்து எடுத்துக்கொண்ட நிழற்படம் இன்றும் உள்ளது. மொழி வேறு, சமயம் வேறு, நாடு வேறு. வந்த நோக்கம் ஒன்றே. பிற நாட்டுக் கல்லூரி என்பது பாடம் சொல்லித்தரும் இடம் மட்டுமன்று, உலகத்தைச் சந்திக்கும் இடமும் ஆகும் என்பதற்கு அப்படமே சான்று.

பட்டத்துக்காக அவர் எழுதிய ஆய்வுரையின் பொருள், இந்துக்களிடையே வழங்கிய மகப்பேறு மருத்துவம். ஆயுர்வேத நூல்களையும் அமெரிக்கப் பாடநூல்களையும் ஒருசேரப் பயன்படுத்தி அதை எழுதினார். அயல் நாட்டில் கற்றபோதும் நம் முன்னோர் அறிவை அவர் மறக்கவில்லை.

1886 மார்ச் 11-ஆம் நாள் ஆனந்திபாய் மருத்துவப் பட்டம் பெற்றார். கோபால்ராவும் இங்கிலாந்திலிருந்து வந்த பண்டித ரமாபாயும் விழாவில் இருந்தனர். விக்டோரியா மகாராணியாரிடமிருந்து மகிழ்ச்சி தெரிவிக்கும் செய்தியும் வந்தது.

தாயகம் திரும்புதல்

கோலாப்பூர் சமஸ்தானத்து ஆல்பர்ட் எட்வர்ட் மருத்துவமனையில் பெண்கள் பகுதிக்குப் பொறுப்பு மருத்துவராகும் வாய்ப்பு அவரைத் தேடி வந்தது. அதை ஏற்று 1886-ஆம் ஆண்டு இறுதியில் தாயகம் திரும்பினார். ஆனால் காசநோய் அதற்கு முன்பே அவர் உடலைப் பற்றியிருந்தது. ஒரு நாள்கூடப் பணியாற்ற முடியாமல் 1887 பிப்ரவரி 26-ஆம் நாள் புனே நகரில் இறந்தார். இருபத்திரண்டு வயது நிறைய அப்போது ஒரு மாதம் இருந்தது. அவருடைய அஸ்தி கடல் கடந்து தியோடிசியா அம்மையாரிடம் அனுப்பப்பட்டது. நியூயார்க் மாநிலத்துப் போகீப்சி என்னும் ஊரில், கார்ப்பென்டர் குடும்பக் கல்லறையில், சித்தியாகக் கொண்டவரின் சுற்றத்தாரோடு அவரும் துயில்கிறார்.

வீண் போயிற்றா?

அவ்வளவு துன்பப்பட்டுப் படித்தும் ஒரு நோயாளியைக்கூடக் கோலாப்பூரில் அவர் கவனிக்க இயலவில்லையே, அந்தப் படிப்பு வீண்தானே என்று சிலர் எண்ணலாம். சிந்தித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

பட்டமளிப்புக்கு வந்த பண்டித ரமாபாய் அமெரிக்காவிலேயே தங்கி, இந்தியப் பெண்களின் நிலை பற்றி 1887-இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்கு முன்னுரை எழுதிய ரேச்சல் பாட்லி, ஆனந்திபாயை அதில் நினைவுகூர்ந்தார். அமெரிக்க மக்கள் அளித்த உதவியால் 1889-இல் பம்பாயில் விதவைப் பெண்களுக்காகச் சாரதா சதன் தொடங்கியது.

நம் தமிழகத்திலும் இதே துன்பம் இருந்தது. ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மறுக்கப்பட்டு மூன்று பெண்கள் ஒரே இரவில் பிரசவத்தில் மடிந்ததைக் கண்டு மனம் மாறினார். அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1918-இல் வேலூரில் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1912-இல் சென்னையிலேயே படித்து மருத்துவரானார் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார். ஆனந்திபாய் எந்தக் குறையைத் தீர்க்கக் கப்பலேறினாரோ, அந்தக் குறை இப்படிப் பலர் கைகளால் சிறிது சிறிதாகத் தீர்ந்தது. இந்நாட்டிலேயே நல்ல கல்லூரி ஒன்று அவருக்குக் கதவு திறந்திருந்தால், அந்தப் பனியில் அவர் வாட வேண்டியிருந்திராது என்பதையும் நாம் மறக்கலாகாது.

முடிவுரை

வெளிநாட்டில் படிப்பது பெருமைக்காக மட்டும் அன்று. ஆனந்திபாய் தம் வீட்டுத் துயரம் ஒன்றை நெஞ்சில் சுமந்து சென்றார்; அதற்கு விடை தேடிக்கொண்டு திரும்பினார். அங்கே அவருக்கு ஒரு சித்தி கிடைத்தார், ஓர் ஆசிரியை கிடைத்தார், தோழியர் கிடைத்தனர். அவர்கள் அனைவரும் அயலார், ஆயினும் சொந்தமாயினர். நம்மில் யார் எந்நாட்டுக்குப் படிக்கச் சென்றாலும், எதற்காகச் செல்கிறோம், யாருக்காகத் திரும்புவோம் என்ற கேள்விகளை முதலில் நம்மையே கேட்டுக்கொள்வோம். இங்கேயே இருப்பவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நம் ஊருக்குப் படிக்க வரும் வேற்றூர்ப் பெண்ணுக்கு ஒரு தியோடிசியா அம்மையாராக நாமும் இருக்கலாம். அதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. வீட்டுக் கதவைத் திறந்தாலே போதும்.