ஐசனோவருக்கு டாக்டர் சொன்ன பொய்

1955-ம் ஆண்டு செப்டம்பர் 24. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் டென்வர் நகரில் மாமியார் வீட்டில் தங்கி இருந்தார். நள்ளிரவுக்குப் பிறகு நெஞ்சு வலித்தது. முந்திய நாள் கோல்ப் ஆடிவிட்டு, வெங்காயம் வைத்த இறைச்சி ரொட்டி சாப்பிட்டிருந்தார். அஜீரணம் என்றே முதலில் நினைத்தார்கள். மாரடைப்பு என்பது பிறகுதான் தெரிந்தது.

உலகப்போரில் பெரும் படைகளை நடத்திய தளபதி அவர். தினம் 4 பாக்கெட் சிகரெட் பிடித்தவர், 1949-ல் ஒரேயடியாக விட்டார். மாட்டு இறைச்சியைத் தம் கையாலேயே நெருப்பில் சுட்டுச் சாப்பிடுவதில் அலாதிப் பிரியம்.

மாரடைப்புக்குப் பின் அதற்கும் கட்டுப்பாடு வந்தது. கொழுப்பைக் குறைத்தார்; உடல் எடையை ஏற விடவில்லை. 1956 தேர்தலில் மறுபடியும் ஜெயித்தார். ஆனால் ரத்தத்தில் கொலஸ்டிரால் மட்டும் அடங்கவில்லை. பத்தியம் இருந்தும் ஏறியது. ஐசனோவருக்கு அது பெரிய கவலை.

1961 ஜனவரியில் அவர் பதவியை விட்டு இறங்கும் தறுவாயில், சொந்த டாக்டர் ஸ்னைடர் கொலஸ்டிரால் அளவை அவரிடம் குறைத்துச் சொன்னார். பாவம், அவரிடம் வேறு நல்ல மருந்து ஏது?

கொலஸ்டிராலில் பெரும்பகுதி உடலிலேயே உற்பத்தி ஆகிறது. முக்கியமாக ஈரல் அதைச் செய்கிறது. ஆகவே பத்தியத்தால் ஓரளவுதான் குறையும். ஈரலின் அந்த வேலையைப் பாதுகாப்பாக மட்டுப்படுத்தும் மாத்திரை அன்று கிடையாது.

1965-ல் மீண்டும் மாரடைப்பு. 1968-ல் அடுத்தடுத்துப் பல முறை. 1969 மார்ச் 28-ந் தேதி, வாஷிங்டன் ராணுவ ஆஸ்பத்திரியில் ஐசனோவர் காலமானார். வயது 78.

அந்த வகையில் முதல் மாத்திரையான லோவாஸ்டாட்டின் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது 1987-ல்.