அச்சத்தைக் கற்பித்த அறிஞர்

ஆசிரியர் பயிற்சி பெற்றவர் எவரும் ஜான் பி. வாட்சனின் பெயரைப் படிக்காமல் வந்திருக்க முடியாது. தூண்டல், துலங்கல், ஆக்கநிலையுறுத்தம் ஆகிய சொற்களோடு அவர் பெயரையும் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன் நான். ஆனால், அவரது வாழ்க்கை எனக்குப் பாடமானது பணி ஓய்வுக்குப் பிறகுதான்.

அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் 1878-ஆம் ஆண்டு ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார் வாட்சன். தாய் ஆழ்ந்த சமயப் பற்றுடையவர். தந்தையோ, மகனுக்கு 13 வயதானபோது குடும்பத்தைக் கைவிட்டுச் சென்றார். பள்ளியில் அடங்காத மாணவர் என்று பெயரெடுத்த வாட்சன், வெள்ளை எலிகள் கற்கும் விதத்தை ஆராய்ந்து 1903-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். 1908-இல் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

அன்றைய உளவியல், மனத்தை அகநோக்கின் வழியே ஆராய்ந்து வந்தது. கண்ணால் காணவும் அளக்கவும் இயலாத மனத்தை விடுத்து, நடத்தையை மட்டுமே ஆராய வேண்டும் என்று 1913-இல் வாட்சன் அறிவித்தார். நடத்தையியல் பிறந்தது. இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவரானார். குலமும் பரம்பரையும் எதுவாயினும், குழந்தையையும் சூழலையும் தம்மிடம் ஒப்படைத்தால் விரும்பியவாறு உருவாக்க முடியும் என்று பின்னாளில் எழுதினார். பிறப்பே அறிவைத் தீர்மானிக்கிறது என்று பலரும் நம்பிய காலத்தில் அது துணிச்சலான குரல். அந்தப் பெருமை அவருக்கு உண்டு.

ஆனால், அக்கொள்கைக்குச் சான்று தேடி அவர் செய்த சோதனை இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. ஆல்பர்ட் என்ற பெயரில் குறிக்கப்பட்ட 11 மாதக் குழந்தை வெள்ளை எலியைக் கண்டு அஞ்சவில்லை; கை நீட்டியது. அது எலியைத் தொடும்போதெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் எஃகுத் தண்டு சுத்தியலால் ஓங்கி அடிக்கப்பட்டது. ஏழு முறைக்குப் பின் எலியைக் கண்டதுமே குழந்தை அழுதது. பிறகு அந்த அச்சம் முயலுக்கும் நாய்க்கும் மென்மயிர்ச் சட்டைக்கும் பரவியது. அதைப் போக்காமலேயே குழந்தை மருத்துவமனையிலிருந்து சென்றுவிட்டது.

இதைப் படித்த இரவு எனக்கு உறக்கமில்லை. என் கணித வகுப்பின் முதல் வரிசையில் ஒரு மாணவன் இருந்தான். கரும்பலகையில் எழுத நான் கை உயர்த்தினாலே தலையைத் தாழ்த்திக்கொள்வான். அதை மரியாதை என்று எண்ணியிருந்தேன். என்னிடம் எஃகுத் தண்டு இல்லை, பிரம்பு இருந்தது. பிரம்பின் மீதிருந்த அச்சம் கணிதத்துக்கும் பள்ளிக்கும் பரவி, ஒருநாள் அவன் வராமலே நின்றுவிட்டான்.

வாட்சனின் பிற்காலமும் துயரமானது. உடன் ஆய்வு செய்த மாணவி ரோசாலி ரேனருடனான உறவால் 1920-இல் அவர் பதவி இழந்தார். ரேனரை மணந்து, விளம்பர நிறுவனமொன்றில் சேர்ந்து பொருள் ஈட்டினார். குழந்தைகளைக் கட்டியணைக்கவோ முத்தமிடவோ கூடாது, காலையில் கை குலுக்கினால் போதும் என்று 1928-இல் பெற்றோருக்கு நூல் எழுதினார். தம் பிள்ளைகளையும் அவ்வாறே வளர்த்தார். அவர்களுள் ஒருவர் மனநல மருத்துவராகிப் பின்னர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். போதிய அறிவின்றி அந்நூலை எழுதிவிட்டதாக வாட்சனே பின்னர் வருந்தினார்.

1957-இல் அமெரிக்க உளவியல் கழகம் அவரைக் கௌரவித்தபோது நியூயார்க் வரை வந்தவர், இறுதி நேரத்தில் மகனை மேடைக்கு அனுப்பிவிட்டார். கண்ணீர் வந்துவிடுமோ என்று அஞ்சினார் என்பர். மறு ஆண்டு மறைந்தார்.

அவர் ஆலோசனையுடன் மேரி கவர் ஜோன்ஸ் நடத்திய மற்றோர் ஆய்வு 1924-இல் வெளிவந்தது. முயலுக்கு அஞ்சிய பீட்டர் என்ற சிறுவன் தனக்குப் பிடித்ததை உண்ணும் வேளையில், முயலை எட்டத்தில் வைத்து, நாள்தோறும் சற்றே அருகில் கொண்டுவந்தார் ஜோன்ஸ். முடிவில் சிறுவன் முயலைத் தடவிக் கொடுத்தான். அச்சத்தைக் கற்பிக்க ஏழு ஓசைகள் போதும். போக்குவதற்குப் பொறுமையும் பரிவும் வேண்டும்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் தடை செய்திருக்கிறது. பிரம்பைக் கீழே வைத்துவிட்டோம். ஏளனச் சொல்லையும், தரவரிசையையும், பிறர் பிள்ளையோடு ஒப்பிடுவதையும் வைத்துவிட்டோமா? ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு பீட்டர் இருக்கிறான். அவனுக்கு ஆசிரியர் ஜோன்ஸாக இருக்க வேண்டும். நான் அவ்வாறு இருக்கவில்லை.