கடவுளை எங்கே சந்திக்கலாம்? மார்ட்டின் பூபரை மாற்றிய ஒரு சந்திப்பு

1914, ஜெர்மனி. யூத சிந்தனையாளர் மார்ட்டின் பூபரைத் தேடி ஓர் இளைஞர் வருகிறார். காலையில் ஆன்மிகப் பரவசத்தில் இருந்த பூபர் அன்பாகத்தான் பேசினார். ஆனா, மனசு முழுசா அங்கே இல்லை. அந்த இளைஞர் கேட்க வந்ததோ வேறு கேள்வி. அது பூபருக்குத் தெரியவந்தபோது அவர் உயிரோடு இல்லை.

யார் இந்த பூபர்?

1878-ல் வியன்னாவில் பிறந்தவர். 3 வயதில் அம்மா பிரிந்துபோக, இன்றைய உக்ரைனின் லிவிவ் நகரில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். ஹசிதிய யூத ஞானிகளின் கதைகளைத் தொகுத்துப் புகழ்பெற்றார்.

என்ன மாறியது?

பரவசத் தேடலை விட்டார். எதிரில் நிற்கும் மனிதரை ஒரு பொருளாகப் பார்க்காமல் 'நீ' என்று முழுசா எதிர்கொள்ளும் உறவில்தான் கடவுளைச் சந்திக்க முடியும் என்றார். 1923-ல் வெளியான 'நானும் நீயும்' நூலின் மையம் இதுதான்.

எதிர்ப்பு ஏன்?

சினாய் மலையில் கடவுள் சட்டங்களை அருளினார் என்பது யூத மரபு. பூபரோ, வெளிப்பாட்டில் கடவுள் தருவது தன் இருப்பை, சட்டங்களை அல்ல என்றார். சட்டம் பற்றிய பூபரின் நிலைப்பாட்டை நண்பர் ஃப்ரான்ஸ் ரோசன்ஸ்வைக்கே முழுமையாக ஏற்கவில்லை. ஆனாலும் 1925-ல் இருவரும் சேர்ந்து எபிரேய பைபிளை ஜெர்மனில் மொழிபெயர்க்கத் தொடங்கினர். 1929-ல் நண்பர் இறந்தார். நாஜி ஆட்சியால் 1938-ல் ஜெருசலேம் சென்ற பூபர், 1961-ல்தான் அதை முடித்தார். அதற்குள் அதைப் படிக்க வேண்டிய ஜெர்மன் யூத சமூகமே அழிக்கப்பட்டிருந்தது.

1965-ல் பூபர் மறைந்தார். அந்த இளைஞரை அவர் மறக்கவே இல்லை.